வம்புப் புல்வெளி

ஹாசல் ஆறு தங்களுக்குச் செய்த துரோகத்தை ஓடன்ஹைன்காரர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பல தலைமுறைக்கு முந்தைய ஒரு பெருவெள்ளத்தில் அது தன் பழைய தடத்தை உதறிவிட்டு, கிழக்கே ஊர்ப்பக்கமாக நகர்ந்து வந்து ஓட ஆரம்பித்தது. நகர்ந்தது ஆறுதான், பறிபோனது புல்வெளி. முந்தின நாள்வரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த அருமையான புல்நிலம், விடிந்து பார்த்தால் அந்தப் பக்கம், ரெட்டர்பாக்காரர்களின் காலடியில் கிடந்தது. ஆறுதானே எல்லை என்றார்கள் அவர்கள். ஆறு ஓடிப்போனால் நிலமும் கூடவே ஓடிப்போகுமா என்றார்கள் இவர்கள்.

வழக்கு மூன்று பிரபுக்களின் ஆயுளைத் தின்றது. தீர்ப்பெழுத உட்கார்ந்த நேரத்தில், பதினேழாம் நூற்றாண்டில், முப்பதாண்டுப் போர் வந்து, எழுத வேண்டியவரையும் கேட்க வேண்டியவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. இரண்டு ஊரிலும் சண்டை போடக்கூடத் தெம்பில்லாத நாலு பேர் மிஞ்சிய பிறகுதான் புத்தி வந்தது. இனி இதற்காக யாரும் வைக்கோல் அள்ளும் கவைக்கோலைத் தூக்குவதில்லை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஊரெல்லையைச் சுற்றி நடக்கும்போது, புல்வெளியின் தலைமாட்டில் இருக்கும் எல்லைக்கல்லின் இரண்டு பக்கமும் ஊருக்கு ஒருவர் நின்று வாயால் அடித்துக்கொள்வது என்று முடிவானது. ஆளுக்கு மூன்று பேச்சு. பதிலில்லாமல் நிற்பவனுடைய ஊர் தோற்றது. ஜெயித்த ஊருக்கு அடுத்த ஏழு வருஷத்துப் புல்.

கூடவே இன்னொரு கட்டுப்பாடும் போட்டார்கள். கல்லருகில் பேசியதைக் கல்லருகில்தான் பேசலாம். வீட்டிலோ வீதியிலோ கடையிலோ அதை எடுத்தால், எடுத்தவனுடைய ஊர் புல்லை இழக்கும். பேச்சுக்குப் பேச்சு வளர்ந்து மறுபடியும் கவைக்கோலில் போய் நிற்கக்கூடாது என்பதற்காக அந்தக் காலத்துப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதற்கும் அடிபடுகிற ஆள் ஒருவன் இருப்பான் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

போன நூற்றாண்டின் எழுபதுகளில் அரசாங்கம் இரண்டு ஊரையும் ஒரே நகராட்சியாகச் சேர்த்துவிட்டது. ஒரே மேயர், ஒரே குப்பை வண்டி. கல்லிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. மாடு வைத்திருப்பவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் புல்லில் தோற்ற வருஷம் ஓடன்ஹைனில் பீர்கூடக் கசந்து இறங்கும்.

ஓடன்ஹைனின் பேச்சாளன் வெண்டலின் க்ராஃப்ட். சந்தைச் சதுக்கத்தில் கசாப்புக் கடை. கத்தியைவிட நாக்குக் கூர்மை என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள், அவனும் மறுத்ததில்லை. ரெட்டர்பாக்கின் பேச்சாளன் எக்கார்ட் டாம். மர அறுவை மில் வைத்திருந்தான். வாயைத் திறக்கவே மாட்டான். திறந்தால் எதிராளி அதற்குப் பிறகு திறக்க முடியாது. வெண்டலின் அவனிடம் இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டு முறையும் கல்லிலிருந்து நேராக இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு 'மான்' என்ற பீர் விடுதிக்குத்தான் போனார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. ரெட்டர்பாக்கில் பள்ளி கிடையாது. பையன்கள் பாலம் தாண்டி ஓடன்ஹைனுக்கு வருவார்கள். முதல் நாளே மூக்கில் ரத்தம் வர அடித்துக்கொண்டு சிநேகிதமானவர்கள். வியாழக்கிழமை மாலை மான் விடுதியில் சீட்டு. மூன்றாவது கை, பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஓட்மார். ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குக் கீழே தூண்டில். அங்கே ஓட்மாருக்கு இடமில்லை.

ஒரு வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை, மீன் எதுவும் சிக்காத நேரத்தில், எக்கார்ட் தண்ணீரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான்.

"டேய் கசாப்பு, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக்கூடாது."

"சொல்லு. சிரிப்பு வந்தா ஆத்துக்குள்ள தலையை விட்டுக்கிறேன்."

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு யோஸ்டுக்கும் ஒரு தட்டு வெக்கிறேன்டா. கத்தி, ஃபோர்க், கிளாஸ் எல்லாம். மறுநாள் காலைல எடுத்துக் கழுவி அலமாரில வெச்சிடுறேன்."

யோஸ்ட், எக்கார்டின் ஒரே மகன். தாய் இறந்த பிறகு மில்லை யார் பார்ப்பது என்று அப்பனும் மகனும் முட்டிக்கொண்டு, மகன் வடக்கே பிரேமன் நகரத்துக்குப் போய்விட்டான். கப்பல் கட்டும் இடத்தில் வேலை. ஊரில் யார் கேட்டாலும், "லீவு கெடைக்கல, அடுத்த வருஷம் வருவான்" என்றே எக்கார்ட் சொல்லிக்கொண்டிருந்தான். இனி போன் செய்ய வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டது வெண்டலினுக்கு மட்டும் தெரியும்.

"அழுக்காகாத தட்டை எதுக்குடா கழுவுற?"

"தெரியல. கழுவாம உள்ள வெக்க மனசு வரல."

வெண்டலின் தன் பையிலிருந்த சாசேஜை இரண்டாக ஒடித்துப் பெரிய துண்டை அவனிடம் கொடுத்தான். எக்கார்ட் வாங்கிக்கொண்டான்.

"வெளிய சொல்லிராதே."

"ஊர்லயே பெரிய வாய் என்னுது. அதுகிட்டப் போய்ச் சொல்றியே."

"உள்ளதுலயே உன்கிட்டதான்டா சொல்ல முடியுது. வேற எங்க போறது?"

அந்த வருஷம்தான் எல்லை நடை. ஆகஸ்ட் வரும்வரை கடைக்கு வந்தவர்களெல்லாம் வெண்டலினை வறுத்தெடுத்தார்கள். "அரைக் கிலோ ஈரல் குடு, அப்படியே புல்லையும் ரெட்டர்பாக்குக்குக் கட்டிக் குடுத்துரு" என்றாள் பேக்கரிக்காரி. ஓட்மார் தன் பங்குக்கு, இந்தத் தடவை ஊமை ஒருத்தனை அனுப்பினால் செலவாவது மிச்சம் என்றான். வெண்டலின் சிரித்துவைத்தான். உள்ளுக்குள் எரிந்தது. மூன்றாம் முறையும் தோற்ற பேச்சாளன் ஓடன்ஹைன் சரித்திரத்தில் கிடையாது.

நடை நாளன்று வெயில் நன்றாக அடித்தது. வாத்தியக்காரர்கள் முன்னால் போக, கோட்டை இடிபாட்டின் கீழே தொடங்கி, பீச் மரக்காடு ஏறி, கற்சுரங்கத்தைச் சுற்றி, பழைய ஆற்றுத்தடத்தின் பள்ளத்தில் இறங்கி ஊர் நடந்தது. கல்லருகே ரெட்டர்பாக் முழுவதும் முன்கூட்டியே வந்து புல்லில் சாய்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த நிதானமே வெண்டலினுக்குப் பிடிக்கவில்லை.

அவன்தான் முதலில் பேசினான்.

"ரெட்டர்பாக்குல காலைல பத்து மணிக்குத்தான் வெயில் விழுமாம். பாவம்னு சூரியனைக் கேட்டேன், ஏன்பா லேட்டுன்னு. சீக்கிரம் வந்து பாக்க அங்க என்னய்யா இருக்குன்னு கேக்குது."

ஓடன்ஹைன் கைதட்டியது. எக்கார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"ஓடன்ஹைனுக்கு நகரம்னு பட்டம் குடுத்த பிரபுவுக்கு அன்னிக்கு நல்ல போதை. காலைல தெளிஞ்சதும் பட்டத்தைத் திருப்பி வாங்கலாம்னு குதிரையில கெளம்பினாராம். பாவம், ஊரைத் தாண்டிப் போயிட்டாரு. நடுவுல ஒரு ஊர் இருந்ததே தெரியலையாம்."

சிரிப்பு பெரிதாக இருந்தது. ஓடன்ஹைன் பக்கத்திலும் சிலர் சிரித்துவிட்டார்கள். வெண்டலின் இரண்டாவதை எடுத்தான்.

"ஊர் தெரியாட்டியும் எங்க சாசேஜ் வாசனை தெரியும். ஆறு தாண்டி வந்து வாங்கித் தின்னுட்டு, ஆறு தாண்டிப் போய்த் திட்டுற கூட்டம் இது."

"வாசனை உண்மைதான். பைன் மர வாசனை" என்றான் எக்கார்ட். "எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அவருக்கு மரத்தூள் போடுறவனே நான்தான்."

இரண்டு ஊரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தது. வெண்டலினுக்குப் பின்னால் யாரோ, "புல்லு போச்சுடா" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. பிடரி சுட்டது. மூன்றாவதாக அவன் தயாரித்து வைத்திருந்தது ரெட்டர்பாக் மரங்களைப் பற்றிய ஒரு சப்பைப் பேச்சு. மரத்தூளுக்குப் பிறகு அது எடுபடாது. என்ன சொல்லலாம் என்று தேடிய மனம், தேடக்கூடாத இடத்தில் போய்க் கையை விட்டது. அது எந்த இடம் என்று வெண்டலினுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் எடுத்தான்.

"ஆறுகூட உங்க ஊரைப் பிடிக்காமத்தான் எங்க பக்கம் ஓடி வந்துச்சு. ரெட்டர்பாக்கை விட்டு ஓடிப்போன எதுவும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. சந்தேகமா இருந்தா எக்கார்டையே கேளுங்க. கிறிஸ்துமஸுக்கு எத்தனை தட்டு வெக்கிறான், எத்தனை தட்டு அழுக்காகுதுன்னு."

ஓடன்ஹைன் வெடித்துச் சிரித்தது. ரெட்டர்பாக்கிலும் சிலர், விஷயம் புரிவதற்கு முன்பே சிரித்துவிட்டு, புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எக்கார்ட் அவனைப் பார்த்தான். கோபம் இல்லை. யார் இந்த ஆள் என்று யோசிப்பவன்போல இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். பேச்சு முடிந்ததும் இருவரும் குடிக்க வைத்திருந்த ஷ்னாப்ஸ் சாராயத்தில் தன் பங்கைக் குடித்து, தோற்றதற்கு அடையாளமாகக் கோப்பையைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தான். அவ்வளவுதான். புல் ஓடன்ஹைனுக்கு.

வெண்டலினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். அன்று அவன் குடித்த பீருக்கு யாரும் பணம் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மனைவி ரோஸ்விதா அடுப்படியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அது என்ன தட்டு?"

சொன்னான்.

"நீ ஜெயிச்சது புல்லுதானே" என்றாள் ரோஸ்விதா. "வாய் பெருசா இருக்குல்ல, நீயே தின்னு." விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு வெண்டலின் மில்லுக்குப் போனான். எக்கார்ட் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தான்.

"எக்கார்ட், அன்னிக்குக் கல்லுகிட்ட நான் சொன்னது..."

"அதை இங்க பேசக்கூடாது. உங்க புல்லு போயிரும்."

"புல்லு கெடக்கட்டும்டா."

"ஊர்ப் புல்லு. நீயும் நானும் விட்டுக் குடுக்க முடியாது." எக்கார்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "காபி குடிக்கிறியா, வெண்டலின்?"

கசாப்பு இல்லை. வெண்டலின். பள்ளிக்கூட நாளிலிருந்து எக்கார்ட் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. பெற்றோர் வைத்த பெயர் இவ்வளவு குளிராக இருக்கும் என்று வெண்டலினுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை சீட்டுக்கு வருவியா?" என்று கேட்டான்.

"வராம என்ன?" என்றான் எக்கார்ட்.

வந்தான். ஒரு வாரம்கூட விடாமல் வந்தான். சீட்டை ஒழுங்காக ஆடினான், தன் முறை வந்தபோது பீர் வாங்கிக் கொடுத்தான், மழையைப் பற்றியும் மரத்தின் விலையைப் பற்றியும் கேட்டதற்குப் பதில் சொன்னான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்கு முதலில் முதுகுவலி என்றான், பிறகு முழங்கால் என்றான். பிறகு வெண்டலின் கேட்பதை நிறுத்திக்கொண்டான். எக்கார்ட் ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்; பள்ளியில் மூக்கில் வாங்கியதைப்போல, அடுத்த நாள் சரியாகியிருக்கும். இந்த மரியாதைக்குப் பதிலாக என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜெயித்த புல்லை அந்த வருஷம் மழை பாதி அழுகவைத்தது. மற்ற வருஷங்களில் அறுத்துக் கட்டினார்கள். வெண்டலின் ஒருநாளும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் மாலை, புகைபோட்ட நல்ல பன்றித்தொடை ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு பாலம்வரை போனான். அக்கரையில் மில் வீட்டில் விளக்கு எரிந்தது. தனியாக மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பவன் முன்பு எந்த முகத்தோடு போய் நிற்பது என்று நினைத்தான். காரைத் திருப்பினான். பன்றித்தொடையைத் திரும்பக் கொண்டுபோய்க் கடைக் கொக்கியிலேயே மாட்டினான்.

ஏழாவது வருஷம் வந்தபோது அவன் ஒரு முடிவோடு இருந்தான்.

"கல்லுகிட்டதான் பேசலாம்னா, கல்லுகிட்டயே பேசிடுறேன்" என்றான் ரோஸ்விதாவிடம். "எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். புல்லையும் திருப்பிக் குடுத்துடறேன்."

"அங்க நின்னு நீ அழுதாலும் சிரிப்பாங்க."

"அவன் சிரிக்க மாட்டான்."

ரோஸ்விதா அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டு, "போ" என்றாள்.

மேகமூட்டமான நாள். எப்போதும்போல ஓடன்ஹைன்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் கல்லருகே வெண்டலின் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எக்கார்ட். போன தடவை நான் இங்க நின்னு சொன்னது ஈனத்தனம். நீ நம்பிச் சொன்னதை எடுத்துக் கைதட்டலுக்கு வித்துட்டேன். என்னை மன்னிச்சிரு."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அங்கிருந்து சிரிப்பு மளமளவென்று பரவியது. "கசாப்புக்காரன் மன்னிப்புக் கேக்கறான், கத்தியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான் பாருங்கப்பா" என்று ரெட்டர்பாக்கிலிருந்து ஒரு குரல். இவ்வளவு பிரமாதமான ஆரம்பத்தை இதுவரை யாரும் எடுத்ததில்லை என்று ஓட்மார் பக்கத்திலிருந்தவன் முதுகில் தட்டினான். எல்லாரும் அடுத்து வரப்போகும் குத்துக்காகக் காத்திருந்தார்கள். எக்கார்ட் மட்டும்தான் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று நின்று, பிறகு பேசினான்.

"ஓடன்ஹைன்காரங்க பணிவாப் பேசினா எதையோ களவாடியாச்சுன்னு அர்த்தம். யாராவது ஓடிப்போய்ப் பாருங்க, பாலம் இருக்கான்னு."

"விளையாடல எக்கார்ட். நெஜமாச் சொல்றேன். புல்லை நீங்களே எடுத்துக்குங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வெண்டலினின் கண்ணும் நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நல்ல நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"எடுத்துக்கவா?" என்றான் எக்கார்ட். "ஏழு வருஷம் தின்னு பாத்துட்டு உங்க மாடுங்க வேண்டாம்னு சொல்லிருச்சா?"

மூன்றாவது பேச்சு வெண்டலினிடம் இல்லை. சொல்ல வந்தது அவ்வளவுதான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் ஓடன்ஹைன் பக்கம் முணுமுணுத்தது, பிறகு ஊளையிட்டது. ரெட்டர்பாக் ஜெயித்ததாக வாத்தியம் முழங்கியது. ஒரே கோப்பையில் இருவரும் ஷ்னாப்ஸ் குடித்தார்கள். எக்கார்டின் முகம் சலனமற்று இருந்தது.

"நான் சொன்னது கேட்டுச்சா?" என்று வெண்டலின் தணிந்த குரலில் கேட்டான்.

"கேட்டுச்சு. நல்லாப் பேசின" என்றான் எக்கார்ட். போன தடவை ஜெயித்தபோது யாரோ வெண்டலினிடம் சொன்ன அதே வார்த்தைகளாக இருக்கலாம். பேச்சாளர்களுக்கு எல்லாரும் சொல்வதுதான்.

அடுத்து வழக்கப்படி புதியவர்கள். முதல்தடவை எல்லைக்கு வருகிற பிள்ளைகளையும் மருமக்களையும், இரண்டு பேச்சாளர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, கல்லின்மேல் மூன்று தரம் பொத்தென்று உட்காரவைத்து எடுக்க வேண்டும். ஊர் எங்கே முடிகிறது என்று தலை மறந்தாலும் பின்பக்கம் மறக்காது என்பது நம்பிக்கை. தோற்றவன் பெயரும் ஊரும் கேட்க வேண்டும்.

நாலைந்து பேருக்குப் பிறகு சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்ட சின்னப் பெண் ஒன்று வந்து நின்றது. நாலு வயது இருக்கும். வெண்டலின் குனிந்தான்.

"பேரு என்ன கண்ணு? எந்த ஊரு?"

"மரைக்கே டாம்" என்றாள் அவள். "பிரேமன். ஆனா எங்க தாத்தா ஊரு ரெட்டர்பாக். அப்பா அங்க நிக்கறாரு."

காட்டிய திசையில் உயரமாக ஒருவன், எக்கார்டின் அதே விடைத்த காதுகளோடு, மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். மகளைப் பார்த்துக் கையசைத்தான். பக்கத்திலிருந்த ரெட்டர்பாக்காரர்கள் அவனோடு பேசிச் சிரித்தபடி நின்ற விதத்திலேயே தெரிந்தது, அவன் இன்று நேற்று வந்தவனில்லை என்று.

வெண்டலின் நிமிர்ந்து எக்கார்டைப் பார்த்தான்.

"யோஸ்டோட பொண்ணு" என்றான் எக்கார்ட். "இவ பொறந்த வருஷத்துலேர்ந்து வர்றாங்க. கிறிஸ்துமஸுக்கும் கோடைக்கும்." மரத்தின் விலையைச் சொல்லும் அதே குரல். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வெண்டலின் ஓட்மாரைத் திரும்பிப் பார்த்தான். ஓட்மார் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றான் மெதுவாக. "உன்கிட்ட எப்படிச் சொல்றது? யோஸ்ட் பேரை எடுத்தாலே பேச்சு கல்லுக்குத்தானே போகும். உனக்கும் கஷ்டம், ஊருக்கும் புல்லு போயிரும். எப்படியும் எக்கார்ட் சொல்லியிருப்பான்னு விட்டுட்டோம். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறான்னு."

நாலு வருஷத்து வியாழக்கிழமைகளும் வெண்டலினின் கண்முன் வந்து நின்றன. எதிரே உட்கார்ந்து சீட்டைக் கலைத்துப் போட்டவனுடைய நெஞ்சுக்குள் இவ்வளவு பெரிய சந்தோஷம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான். மகன் போன துக்கத்தைச் சொல்ல உலகத்திலேயே ஒருவனைத்தான் எக்கார்ட் தேர்ந்தெடுத்தான். மகன் வந்த சந்தோஷத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. வெண்டலினுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அங்கே அழ முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

"பிள்ளை காத்துக்கிட்டிருக்கா, வெண்டலின்" என்றான் எக்கார்ட்.

வெண்டலின் அவளுடைய இடது கையைப் பிடித்தான், எக்கார்ட் வலது கையை. தூக்கினார்கள். கனமே இல்லை. ஊர் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தியது. மரைக்கே கால்களை உதறிக்கொண்டு சிரித்தாள். கீழே இறக்கியதும் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினாள். எக்கார்ட் வெண்டலினைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டு, அவள் பின்னாலேயே நடந்து போனான்.